வளைவில் திரும்பாத ஸ்டியரிங்

அன்பு மகளுக்கு அம்மா எழுதுவது. நீ அங்கே சாப்பாடும் தூக்கமும் குறையாமல் இருப்பாய் என்று நம்பித்தான் பேனாவை எடுக்கிறேன். இங்கே நாங்களும் நலம் என்று ஒரே வரியில் எழுதி முடித்திருக்கலாம், ஆனால் அது பாதிப் பொய்யாகிவிடும். என் இடது மணிக்கட்டுக் கட்டை இன்னும் அவிழ்க்கவில்லை, எலும்புக்கு ஒன்றும் இல்லை, பிசகல்தான், இருந்தாலும் ஒற்றைக் கையால் பாத்திரம் தேய்த்துப் பார்த்தால்தான் கடவுள் ஏன் இரண்டு கை கொடுத்தார் என்று புரிகிறது. எழுதுவது வலது கை என்பதால் கையெழுத்துக் கோணலுக்குக் கட்டைக் காரணம் சொல்ல வழியில்லை, அது பிறவிக் கோணல். போனில் சொல்லாமல் ஏன் கடிதம் என்று கேட்பாய். உன் அப்பா போனை ஸ்பீக்கரில் போட்டுக் காதருகே வைத்துக்கொண்டுதான் பேச விடுவார், நான் சொல்லப்போவது அவர் காதில் விழக்கூடாத விஷயம்.

போன வாரம் பேசும்போது, உன் தோழியின் கார் நடுவழியில் நின்றுவிட்டது, நீங்களே கயிறு கட்டி உன் காரால் இழுத்து வந்துவிட்டீர்கள் என்று சிரித்துச் சிரித்துச் சொன்னாய் இல்லையா. நீ சொல்லி முடிப்பதற்குள் அப்பா எழுந்து கொல்லைப்பக்கம் போய்விட்டார், நான்தான் நெட்வொர்க் சரியில்லை என்று ஏதோ சொல்லிச் சமாளித்தேன். நம் கார் ஒரு சுவரில் லேசாக உரசிவிட்டது என்று உனக்குச் சொல்லியிருந்தோம். லேசாக இல்லை. இடது பக்க விளக்கு போய்விட்டது, மட்கார்டு மடங்கி டயரில் ஒட்டிக்கொண்டது, என் கையும் அதில்தான் பிசகியது. அதையெல்லாம்விடப் பெரிய விஷயம் ஒன்று இருக்கிறது, அதற்குத்தான் இந்தக் கடிதம்.

இஞ்சின் பெல்ட்டில் வெடிப்பு விட்டிருக்கிறது, மாற்றிவிடுங்கள் என்று மெக்கானிக் போன சர்வீஸிலேயே சொன்னார். உனக்குத்தான் தெரியுமே, பானெட்டைத் திறந்து பத்து நிமிஷம் வாயே திறக்காமல் பார்த்துவிட்டுக் கடைசியில் தீர்ப்பு சொல்வார் என்று நீதான் அவருக்கு நீதிபதி என்று பெயர் வைத்தாய், இப்போது தெருவே அப்படித்தான் கூப்பிடுகிறது. அப்பா கேட்கவில்லை, இன்னும் ஆறு மாசம் ஓடும்யா என்று சொல்லிவிட்டு வந்துவிட்டார். ஆறு வாரம்கூட ஓடவில்லை. சந்தையிலிருந்து வரும்போது டப்பென்று ஒரு சத்தம், பேட்டரி விளக்கு எரிந்தது, சூடு காட்டும் முள் விறுவிறுவென்று ஏறியது. அந்த மட்டில் அப்பா உடனே ஓரம் கட்டி இஞ்சினை அணைத்துவிட்டார், அதனால் இஞ்சின் பிழைத்தது. நீதிபதிக்குப் போன் போட்டால், சார், ரெக்கவரி வண்டியைக் கூப்பிடுங்க, முன்சக்கரத்தைத் தூக்கி வச்சு அவங்களே கொண்டாந்துடுவாங்க என்றார். அப்பாவுக்குச் சுருக்கென்றாகிவிட்டது. முப்பத்து நாலு வருஷம் கம்பெனி பஸ் ஓட்டி ஒரு கீறல் விழாதவன், என் வண்டியை நாலு பேர் பார்க்கத் தூக்கிட்டுப் போறதா என்று சொல்லி உன் சித்தப்பாவை ஜீப்போடு வரச் சொன்னார்.

கயிறு கட்டியதில் ஒரு குறையும் இல்லை, அதை நான் எங்கே வேண்டுமானாலும் சொல்வேன். டிக்கியில் ஸ்டெப்னிக்குக் கீழே இருந்த இழுவைக் கொக்கியை எடுத்து முன்னால் கடைசி மரை வரை முறுக்கினார், கயிற்றின் நடுவில் என் சிவப்புத் துணிப்பையைக் கிழித்துக் கட்டினார், நாலு விளக்கும் விட்டுவிட்டு மின்னும்படி வைத்தார். பின்வண்டியில் யார் உட்காருவது என்று பேச்சு வந்தபோது சித்தப்பா நான் உட்கார்றேன் என்றார். உன் கால் பிரேக்ல விழுந்தா கயிறு அறுந்துடும், அவ கை பதமான கை, அவளே உட்காரட்டும், ஜீப்பை நான் ஓட்டறேன் என்று அப்பா சொல்லிவிட்டார். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் என் கார் ஓட்டலைப் பற்றி அவர் சொன்ன ஒரே நல்ல வார்த்தை அதுதான். பிறகு ஜன்னலில் குனிந்து ஒவ்வொன்றாகச் சொன்னார். நியூட்ரல்லயே இருக்கட்டும், ஹேண்ட்பிரேக்கை எடுத்துடு, இஞ்சின் ஓடாததால பிரேக் கல்லு மாதிரி இருக்கும், பலமா மிதிக்கணும், ஸ்டியரிங்கும் கனமா இருக்கும், கயிறு தொய்யாம பாத்துக்க, சாவி அதுலயே இருக்கட்டும், எடுத்தா ஸ்டியரிங் பூட்டிக்கும். எல்லாவற்றுக்கும் தலையாட்டினேன். காதில் விழவில்லை என்று சொல்லித் தப்பிக்க எனக்கு வழியே இல்லை.

நீ பத்தாவது பரீட்சைக்குப் போன அன்று அப்பா காருக்குள் சாவியை வைத்துப் பூட்டிவிட்டு நாம் மூவரும் வெளியே நின்றோமே, அன்றைக்கு நான் போட்ட சட்டம் உனக்கு நினைவிருக்கும். வண்டி நின்றதும் சாவி என் கைக்கு வந்து என் பைக்குள் போய்விட வேண்டும். அவர் ஓட்டினாலும் சரி, நான் ஓட்டினாலும் சரி. அதற்குப் பிறகு அந்தக் கை என்னைக் கேட்டு எதையும் செய்வதில்லை. பாதி வழியில் பெட்ரோல் பங்க் ஓரமாக ஜீப்பை நிறுத்திவிட்டு அப்பா இறங்கி வந்தார், முடிச்சைத் தட்டிப் பார்த்தார், சரியா இருக்கு, கிளம்பலாமா என்று கேட்டார், கிளம்பலாம் என்றேன். அவர் முடிச்சைப் பார்த்துக்கொண்டிருந்த அந்த நேரத்தில் நான் சாவியைக் கழற்றிப் பையில் போட்டு ஜிப்பையும் இழுத்து மூடியிருக்கிறேன்.

அங்கிருந்து நேர் ரோடு. ஸ்டியரிங்கைத் திருப்ப வேண்டிய தேவையே வரவில்லை, அதனால் எனக்கு ஒன்றும் தெரியவில்லை. மரக்கடை வளைவில் ஜீப் வலது பக்கம் திரும்பியது, நான் லேசாகத் திருப்பினேன், டக்கென்று ஒரு சத்தம், அவ்வளவுதான், இரண்டு கையாலும் தொங்கிப் பார்த்தேன், அசையவில்லை. பிரேக்கை மிதித்தேன், எழுந்து நின்று மிதித்தேன் என்றே சொல்லலாம். மெதுவாகத்தான் போனோம், ஓடுகிற ஆள் எங்களை முந்தியிருப்பான், ஆனாலும் கார் நேராகப் போய் மரக்கடைச் சுவரில் மோதித்தான் நின்றது. அந்தச் சுவரையொட்டி இடுப்பில் குழந்தையோடு ஒரு பெண் நின்றுகொண்டிருந்தாள். கடைக்காரர் உள்ளேயிருந்து ஏதோ கேட்க, பதில் சொல்ல வாசல் பக்கமாக இரண்டு எட்டு நகர்ந்தாள். அந்த இரண்டு எட்டுதான் இருவரையும் காப்பாற்றியது. குழந்தையின் ஒற்றைச் செருப்பு சுவரோரம் விழுந்து கிடந்தது, விளக்குக் கண்ணாடி அதன்மேல் சிதறியிருந்தது.

இனி எழுதுவதை இதுவரை யாரிடமும் சொன்னதில்லை. அப்பா ஜீப்பிலிருந்து குதித்து ஓடி வருவதைக் கண்ணாடி வழியாகப் பார்த்தேன். அவர் வந்து சேர்வதற்குள் பையின் ஜிப்பைத் திறந்து சாவியை எடுத்து, உள்ளே போட்டு, ஸ்டியரிங்கை ஆட்டி ஆட்டிப் பூட்டு விடும்வரை திருப்பிவிட்டேன். பிசகிய கையாலேயே செய்தேன், வலியே தெரியவில்லை. அவர் கதவைத் திறக்கும்போது சாவி இருக்க வேண்டிய இடத்தில் இருந்தது. என்னாச்சு என்று கேட்டார். திரும்பல என்றேன். அந்த ஒரு வார்த்தை பொய்யில்லை, மற்றதெல்லாம் பொய்.

நீதிபதி வண்டியைத் தூக்கி வைத்து ஸ்டியரிங்கை அக்கக்காகப் பார்த்தார், ஒரு கோளாறும் இல்லை என்று தீர்ப்பு சொன்னார். அத்தோடு விட்டிருக்கலாம், கயிறு கட்டி இழுக்கும்போது அனுபவசாலி பின்வண்டியில இருக்கணும் சார், முன்வண்டியை யாரும் ஓட்டலாம் என்றும் சேர்த்துச் சொல்லிவிட்டார். நியாயமான பேச்சுதான். அதிலிருந்து அப்பா எல்லாவற்றையும் தன் தலையில் போட்டுக்கொண்டார். வளைவை ஒடித்துத் திருப்பிவிட்டாராம், கயிறு வெட்டி இழுத்துவிட்டதாம், வயசாகிக் கை போய்விட்டதாம். கார் சரியாகி வந்து எட்டு நாள் ஆகிறது, உறையை மாட்டியவர் பிறகு அந்தப் பக்கமே போகவில்லை. சந்தைக்கும் என் கைக்கட்டு மாற்றவும் நடந்தேதான் போகிறோம், முன்னால் அவர், பின்னால் நான். திடீரென்று சாப்பாட்டுத் தட்டைத் தள்ளிவிட்டு, அந்தப் பிள்ளைக்கு ஒரு வயசுகூட இருக்காது இல்ல என்பார். லைசென்ஸைத் திருப்பிக் கொடுக்க முடியுமா என்று யாரிடமோ விசாரித்திருக்கிறார். ஞாயிற்றுக்கிழமை காரைப் பார்க்கத் தரகர் ஒரு ஆளைக் கூட்டி வருகிறார். எனக்கு அலுத்துவிட்டதம்மா. அவருக்குத் தைரியம் சொல்லிச் சொல்லி அலுத்துவிட்டது. நானே குத்திவிட்டு நானே மருந்து போடுகிற வேலை, அதுவும் தப்பான இடத்தில். பத்தொன்பது நாளாகத் தினமும் காலையில் எழுந்ததும் இன்றைக்குச் சொல்லிவிடுவது என்று நினைக்கிறேன், காபி கொடுக்கும்போது அவர் முகத்தைப் பார்த்ததும் டம்ளரை வைத்துவிட்டு அடுப்படிக்கே திரும்பிவிடுகிறேன்.

உனக்கும் சேர்த்துச் சொல்கிறேன், இனிமேல் அந்தக் கயிறு வேலை வேண்டாம். நீ வாங்கியிருப்பது தானாகவே கியர் மாறுகிற வண்டி, அது நின்றுவிட்டால் சக்கரம் தரையில் உருள இழுக்கவே கூடாது, கியர்பாக்ஸ் வீணாகிவிடும் என்று நீதிபதி சொல்கிறார், தூக்கி ஏற்றிக்கொண்டு போகிற வண்டியைத்தான் கூப்பிட வேண்டுமாம். கௌரவம் பார்க்காதே. பழைய வண்டி என்பதால் பெல்ட்டை ஒருமுறை காட்டிவிடு, மாற்றச் சொன்னால் அன்றைக்கே மாற்று, ஸ்டெப்னியில் காற்று இருக்கிறதா என்று மாதம் ஒரு தரம் பார், அவசரத்துக்குத்தான் அது நம்மைக் கைவிடும். கூலண்ட் குறைந்தால் வெறும் தண்ணீரை ஊற்றிச் சமாளிக்காதே, சூடாக இருக்கும்போது மூடியைத் திறக்கவே திறக்காதே. பிரேக்கை மிதிக்கும்போது காலுக்கு ஏதாவது வித்தியாசமாகப் பட்டால் அலட்சியம் பண்ணாதே. இவ்வளவு புத்தி சொல்கிறவள் செய்த காரியத்தைப் பார் என்று நீ சிரிக்கலாம், சிரித்துக்கொள்.

மேலே எழுதியது காலையில். இப்போது மத்தியானம். உனக்குத் தபாலில் போடலாம் என்று மடித்தேன், மடித்த பிறகு கை ஓடவில்லை. கட்டியவரிடம் சொல்லாததைக் கடல் கடந்து உனக்கு எழுதி, நீ அதை மனசில் சுமந்துகொண்டு அவரிடம் போனில் பேச வேண்டுமா என்று தோன்றியது. அவர் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். ஏங்க, இதைப் படிங்க என்று கொடுத்துவிட்டு எதிரிலேயே நின்றேன். அவளுக்கு எழுதினதை நான் எதுக்கு என்றவர், அவர் காதில் விழக்கூடாத விஷயம் என்ற வரியைப் பார்த்ததும் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டார். நிதானமாகப் படித்தார், சில இடத்தில் திரும்பப் போய்ப் படித்தார். முடித்துவிட்டு, பத்தொன்பது நாளா அந்தப் பிள்ளையைக் கொல்லப் பார்த்தவன்னு நினைச்சுக்கிட்டுப் படுத்திருந்தேன், நீ பக்கத்துலதான படுத்திருந்த என்றார். சத்தம் போடவில்லை. போட்டிருந்தால் தாங்கியிருப்பேன். மன்னிச்சிடுங்க என்றேன். சாவி எங்க என்று கையை நீட்டினார், பையிலிருந்து எடுத்துக் கொடுத்தேன். உறையை உருவுகிற சத்தம் கேட்டது, டயரைக் காலால் தட்டிப் பார்க்கிற சத்தம் கேட்டது, பிறகு இஞ்சின் சத்தம். போய் ஒரு மணி நேரமாகிறது. எந்தப் பக்கம் போனார் என்று தெரியாது, கேட்கிற தகுதியும் இன்றைக்கு எனக்கு இல்லை. வாசலுக்கும் மேஜைக்கும் நடந்து நடந்து மீதியை எழுதிக்கொண்டிருக்கிறேன்.

நீ கிளம்புகிற ஒவ்வொரு பயணமும் கிளம்பிய மாதிரியே முழுசாக வீடு வந்து சேர வேண்டும், அதுதான் நான் உனக்குக் கேட்கிற வரம். உடம்பைப் பார்த்துக்கொள். மாப்பிள்ளைக்கு எங்கள் ஆசிகளைச் சொல். தப்பு செய்தால் அன்றைக்கே சொல்லிவிடு, ஒரு நாள் தள்ளினால் அது எடை கூடிவிடுகிறது. பெல்ட்டை மறக்காதே.

கேட் திறக்கிற சத்தம் கேட்டுப் பேனாவை வைத்துவிட்டு எழுந்து போனேன். உள்ளே வந்தார், என்னைப் பார்க்கவில்லை, செருப்பைக் கழற்றிக்கொண்டே சுவரைப் பார்த்து, பிரேக் கொஞ்சம் இடது பக்கம் இழுக்குது, நீதிபதிகிட்ட காட்டணும், ஞாயித்துக்கிழமை யாரும் வர வேணாம்னு அந்தத் தரகருக்குச் சொல்லிடு என்றார். சுவரிடம் சொன்ன மாதிரிதான் இருந்தது. ஆனால் வீட்டில் நான் ஒருத்திதானே இருக்கிறேன்.

என்றும் உன் நினைவாகவே இருக்கும்,
அம்மா