நான்கு நாள் காய்ச்சல்

மேலகரம்,
ஜூலை 21

அன்புள்ள ஸ்ரீமதிக்கு,

அம்மா எழுதுகிறேன். நானும் அப்பாவும் சுகம். டப்ளினில் நீ எப்படி இருக்கிறாய் என்று வழக்கத்துக்காகக் கேட்கவில்லை, தெரியாததால் கேட்கிறேன். வாட்ஸ்அப்பில் அனுப்பினால் கட்டைவிரலைக் காட்டிவிட்டுப் போய்விடுவாய். ஒன்றரை வருடமாக எனக்கு அதுதான் பதில். அதனால் தாள். உனக்கு நான் தமிழில் எழுதும் முதல் கடிதம். பிழை இருக்கும்.

இங்கே சாரல் தொடங்கிவிட்டது, துணி காய மாட்டேன் என்கிறது. அப்பாவுக்குச் சர்க்கரை கொஞ்சம் கூடியிருக்கிறது. நடக்கச் சொன்னால் தென்காசி கோயில் வரை நடக்கிறார், அங்கே வடை தின்றுவிட்டு ஆட்டோவில் திரும்புகிறார்.

போன சனி, ஞாயிறு குற்றாலத்தில் ஆங்கில ஆசிரியர் மாநாடு. விடுதி மண்டபம். கழுத்தில் பெயர் அட்டை, கையில் துணிப்பை. மத்தியானச் சாப்பாடு முடிந்ததும் பாதிப் பேர் துண்டோடு ஐந்தருவிக்குப் போய்விட்டார்கள். மிச்சப் பாதிக்கு என் கட்டுரை. தலைப்பு, தாய்மொழியின் குறுக்கீடு. தமிழில் நினைத்து ஆங்கிலத்தில் எழுதும்போது வரும் பிழைகள் பற்றியது. திரையில் முதல் உதாரணமாக ஒரு வாக்கியம் போட்டேன். ‘ஐ யாம் ஹேவிங் ஃபீவர் சின்ஸ் ஃபோர் டேஸ்.’ ஒரு மாணவி எழுதியது என்றேன். நீ எழுதியது. டப்ளின் போன முதல் குளிர்காலத்தில், எனக்கு. அம்மாவிடம் ஆங்கிலம்தான் என்பது உன் ஐந்து வயதில் நான் போட்ட சட்டம், காய்ச்சலிலும் நீ அதை மீறவில்லை. நான் அனுப்பிய பதில் இன்னும் போனில் இருக்கிறது. ‘சின்ஸ்’ அல்ல, ‘ஃபார்’. ‘யாம் ஹேவிங்’ அல்ல, ‘ஹேவ் ஹேட்’. அவ்வளவுதான். அதற்குக் கீழே உன் முதல் கட்டைவிரல்.

மண்டபத்தில் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். கடையநல்லூரிலிருந்து வந்திருந்த ஜுஹைனா என்ற டீச்சர் எழுந்தாள், சின்ன வயது. “மேடம், அந்தப் பிள்ளைக்குக் காய்ச்சல் விட்டுச்சா?” என்று கேட்டாள். சிரிப்பு இன்னும் கூடியது. அவள் சிரிக்கவில்லை. விட்டுவிட்டது என்றேன், தெரியாமலே. டீ நேரத்தில் அவளே வந்தாள். “தப்பா எடுத்துக்கிடாதீங்க மேடம். நாலு நாள் காய்ச்சலை டீச்சர்ட்ட போயிச் சொல்லுதுன்னா, வீட்ல கேக்க ஆளில்லாத பிள்ளையோன்னு நெனச்சேன்” என்றாள். பஜ்ஜி சாப்பிட்டாயா என்று கேட்டேன்.

வீட்டுக்கு வந்து அப்பாவிடம் கேட்டேன். பேப்பரை மடித்து வைத்தார். நிமோனியா, ஆறு நாள் ஆஸ்பத்திரி என்றார். அப்போதே தெரியுமாம். ஏன் என்னிடம் சொல்லவில்லை என்றதற்கு, “அவதான் வேண்டாம்னா. அம்மா அதுலயும் ஸ்பெல்லிங் பாப்பான்னு சொல்லுதா, நான் என்ன செய்ய?” என்றார். நிமோனியா என்ற வார்த்தைக்கு ஆங்கிலத்தில் முதல் எழுத்து ‘பி’, அதற்கு ஓசை கிடையாது, எழுத வேண்டும், சொல்லக் கூடாது. அவர் சொன்ன நிமிஷம் என் மனதில் முதலில் வந்தது அதுதான் ஸ்ரீமதி. நீ வந்தது அதற்குப் பிறகு. மறைக்காமல் எழுதுகிறேன்.

மறுநாள் மாநாட்டுச் செயலாளர் வல்லிநாயகத்துக்குப் போன் செய்து, மலரில் அந்த வாக்கியத்தை மட்டும் எடுத்துவிடச் சொன்னேன். “அதுதான மேடம் சூப்பர் எக்சாம்பிள்! எல்லாம் அச்சுக்குப் போயாச்சே” என்கிறார். வரும். உன் பெயர் இருக்காது. என் பெயர் இருக்கும்.

மன்னித்துவிடு என்று எழுதி அடித்துவிட்டேன். அதுவும் உன்னிடம் ஒன்றைக் கேட்டு வாங்குவதுபோல இருந்தது.

குளிரில் காதை மூடிக்கொள். ஈரத் தலையோடு தூங்காதே. பண்பொழி முருகன் உன் பக்கத்திலேயே இருக்கட்டும், ஆயுசோடும் தெம்போடும் இரு. மறக்காமல் ஒன்று. உன் செய்தி நாலாம் நாளோடு நிற்கிறது. மிச்சத்தை அப்பாவிடம் கேட்டுத் தெரிந்துகொள்ளலாம், கேட்கவில்லை. ஐந்தாம் நாளிலிருந்து நீ எழுது. எப்படி வருகிறதோ அப்படி.

இப்படிக்கு,
அம்மா