சிவப்பு பெயிண்ட் அடித்த மூடி

அன்பு மகளுக்கு,

அம்மா எழுதுவது. இங்கே எல்லோரும் சௌக்கியம் என்று தொடங்கத்தான் பேனாவை எடுத்தேன், ஆனால் அப்படி எழுதினால் அடுத்த பக்கத்திலேயே அதைத் திருத்த வேண்டியிருக்கும், அதனால் வீட்டில் முக்கால்வாசி சௌக்கியம் என்று வைத்துக்கொள். நீ முழுசாகவே நன்றாக இருப்பாய் என்று நம்புகிறேன். இருமல் நின்றுவிட்டதா, அந்த ஜன்னலைத் திறந்து வைத்துக்கொண்டு தூங்காதே என்று சொன்னேனே, கேட்டாயா. அடிக்கடி போனில் பேசுகிறவள் எதற்குக் கடிதம் எழுதுகிறாள் என்று நினைப்பாய். போன் அடித்தாலே அப்பா ஸ்பீக்கரைப் போடச் சொல்லிப் பக்கத்தில் வந்து உட்கார்ந்துகொள்கிறார், அவரைப் பற்றி அவர் காதுபட என்ன பேச முடியும். அதனால்தான் இது. மற்றபடி வீட்டில் புதிதாக ஒன்றுமில்லை, பின்கட்டுக் குழாய் இன்னும் சொட்டுகிறது, பால் சங்கத்துப் பரிசோதனைக் கூடத்தில் எனக்குப் புது மேசை கொடுத்திருக்கிறார்கள், ஒரு கால் கட்டை. சித்தப்பா கண்ணாடி போட்டுக்கொண்டார். சித்தி இத்தனை வருஷமாகத் தன்னைப் பார்த்துச் சிரிக்கிறாள் என்று நினைத்தாராம், இப்போதுதான் முறைக்கிறாள் என்று தெரிகிறதாம். சித்தியின் எதிரிலேயே சொல்கிறார்.

விஷயத்துக்கு வருகிறேன். டிராக்டர் வழியில் நின்று நின்று போகிறது என்று போன மாதம் உன்னிடம் சொன்னேன் அல்லவா, நீயும் பழைய இரும்புக்குப் போட்டுவிட்டு வேறு பாருங்கள் என்றாய், அப்பா அன்று பாதிச் சாப்பாட்டில் எழுந்துபோனார், அது உனக்குத் தெரியாது. அது வெறும் வண்டி விவகாரம் இல்லை. அவருக்கு இடது பக்கம் இழுத்துக்கொண்டு ஆஸ்பத்திரியில் இருந்துவிட்டு வந்த பிறகுதான் வண்டி நிற்க ஆரம்பித்தது. அதற்கு முன்னால் இருபது வருஷத்தில் இப்படி ஒரு நாளும் நின்றதில்லை. கிளட்ச் மிதிப்பது இடது காலால் என்பது உனக்கே தெரியும், சின்ன வயதில் அந்தக் காலின் பக்கத்தில்தான் உட்கார்ந்து வருவாய். கை தேறிவிட்டது, பேச்சு தேறிவிட்டது, கால் மட்டும் எங்கே இருக்கிறது என்று அவருக்கே சில சமயம் தெரிவதில்லை, செருப்பு கழன்றது தெரியாமல் நடந்துவிடுகிறார். எங்கள் எல்லோர் மனதிலும் ஒரே கணக்குதான் ஓடியது, யாரும் வாயைத் திறக்கவில்லை, அவ்வளவுதான்.

மெக்கானிக்கைக் கூப்பிட்டோம். அவர் வந்ததும் ஃபில்டரை மாற்றினார், டீசல் குழாயை ஊதினார், காற்று பிடித்திருக்கிறது என்று திருகைத் தளர்த்திக் கையால் பம்ப் அடித்து வெளியேற்றினார், எல்லாவற்றையும் ஒரே மூச்சில் செய்தார். ஒவ்வொன்றாக மாற்றிப் பார்த்தால்தானே எதனால் என்று தெரியும் என்று நான் கேட்டேன். அக்கா, இது பால் இல்லக்கா, பரிசோதனை பண்ணிக்கிட்டே இருந்தா புளிச்சுப் போகாது, ஆனா வேலை நடக்காது என்றார். வண்டியை எடுத்துக்கொண்டு தெருமுனை வரை போய்த் திரும்பி வந்தார், ஒரு இடத்திலும் நிற்கவில்லை. மறுநாள் அப்பா வயலுக்கு ஓட்டிப்போனார், பாதி உழவில் நின்றது. இப்படியே மறுபடி ஒரு தடவை, அதற்கும் மறுபடி ஒரு தடவை. கடைசியாக வந்தபோது மெக்கானிக் கையைத் துடைத்துக்கொண்டே என்னை ஒதுக்குப்புறமாகக் கூப்பிட்டு, வண்டிக்கு ஒண்ணுமில்லக்கா, அண்ணன்தான் காலை கிளட்ச்சு மேலயே வெச்சிருந்து சட்டுனு விட்டுடறாரு போல, பார்த்துக்குங்க என்று மெல்லச் சொன்னார். மெல்லச் சொன்னாலும் அப்பா காதில் விழுந்துவிட்டது. விதைக்கிற சமயம் நெருங்கிவிட்டது, மக்காச்சோள விதை மூட்டை கூடத்தில் சுவரோரமாகக் கிடக்கிறது, மழை இன்றோ நாளையோ என்று இருக்கிறது, அவர் இரண்டு நாள் வண்டிப் பக்கமே போகாமல் வாசலில் உட்கார்ந்திருந்தார். மூன்றாம் நாள் சாப்பிடும்போது, அந்தாளு சொன்னது சரிதான், வண்டி நல்லாத்தான் இருக்கு, நான்தான் நின்னுபோயிட்டேன் என்று சாதாரணமாகச் சொல்லிவிட்டு மோர் கேட்டார். மோரை ஊற்றினேன்.

ஞாயிற்றுக்கிழமை நான்தான் வற்புறுத்தி ஓட்டச் சொன்னேன், நானும் கூட வருகிறேன் என்றேன். வண்டியைப் பார்க்கப் போகவில்லை, உன்னிடம் மறைப்பானேன், அவர் காலைப் பார்க்கத்தான் போனேன். பின்னால் மட்கார்டில் உட்கார்ந்துகொண்டு அந்த ஒரு காலையே பார்த்துக்கொண்டிருந்தேன். வண்டி நேர் உழவுச் சாலில் போய்க்கொண்டிருந்தது, கால் கிளட்சில் இல்லை, கால் வைக்கிற பலகையில் சும்மா இருந்தது. அப்போதே இன்ஜின் மூச்சு முட்டுகிற மாதிரி இரண்டு தடவை திணறி, தணிந்து, அடங்கிப்போனது. அப்பா வழக்கம்போல இறங்கினார். டீசல் எவ்வளவு இருக்கிறது என்று காட்டும் முள் போய்ப் பல வருஷமாகிறது, அதனால் வண்டி நின்றால் அவர் முதலில் செய்வது டாங்க் மூடியைத் திறந்து குச்சியை விட்டுப் பார்ப்பதுதான், அந்தக் குச்சியை சீட்டுக்கு அடியிலேயே வைத்திருக்கிறார். மூடியைத் திருகியதும் உஸ்ஸென்று ஒரு சத்தம். நான் பக்கத்தில் இருந்ததால் கேட்டேன், தினமும் பரிசோதனைக் கூடத்தில் இறுக மூடிய பாட்டில்களைத் திறக்கிறவளுக்கு அது காற்று உள்ளே போகிற சத்தம் என்று தெரியும். குச்சியில் டீசல் நிறையவே தெரிந்தது, அவர் கையால் பம்ப் அடித்தார், வண்டி உடனே கிளம்பியது. எனக்கு அப்போதுதான் உறைத்தது, மெக்கானிக் ஃபில்டரை மாற்றிய அன்றும், காற்றை எடுத்த அன்றும், ஒன்றுமே செய்யாத அன்றும் வண்டி கிளம்பத்தான் செய்தது, ஒவ்வொரு தடவையும் அதற்கு முன்னால் இவர் மூடியைத் திறந்திருக்கிறார். மூடியை வாங்கிப் பார்த்தேன். டீசல் இறங்க இறங்க அந்த இடத்துக்குக் காற்று போவதற்கு மூடியில் ஊசித் துளை ஒன்று இருக்க வேண்டும், இல்லாவிட்டால் கொஞ்ச நேரத்தில் டீசல் இன்ஜினுக்கு இறங்காமல் நின்றுவிடும், அந்தத் துளை இருந்த இடத்தில் மழமழவென்று சிவப்பு பெயிண்ட். நினைவிருக்கிறதா, ஆஸ்பத்திரியிலிருந்து வந்து ஓட்டக் கூடாது என்று உட்கார வைத்திருந்த நாட்களில் பொழுது போகாமல் வண்டிக்கு முழுக்கப் பெயிண்ட் அடித்தாரே, உனக்குக்கூடப் படம் அனுப்பினாரே. மூடிக்கு மட்டும் இரண்டு தடவை அடித்தாராம், அதுதான் எல்லோர் கண்ணிலும் படும் என்று.

தலையில் இருந்த ஊக்கை எடுத்துக் குத்தித் துளையைத் திறந்தேன். அன்று பொழுது சாய்கிற வரை வண்டி நிற்கவில்லை. அவர் சிரித்து நான் பார்த்து எவ்வளவு நாளாகிறது. வேலிக்கு அந்தப் பக்கம் இருந்த சித்தப்பாவைக் கூப்பிட்டு, டேய், என் கால் இல்லடா, மூடிடா என்று கத்தினார். சித்தப்பா சும்மா இருப்பாரா, உன்னை ஆஸ்பத்திரியில மூக்குல குழாய் வெச்சுக் காப்பாத்தினாங்க, நீ வந்து அதோட மூக்கை அடைச்சிட்டியே, பாவம் எவ்வளவு தூரம் மூச்சைப் பிடிச்சிக்கிட்டு ஓடியிருக்கு என்றார். அப்பா மெக்கானிக்குக்குப் போன் போட்டு ஒரு பாட்டம் கேலி செய்தார். இதுவரைக்கும் உனக்கே அவர் சொல்லியிருப்பார், இனிச் சொல்வது அவர் சொல்லாதது.

புதன்கிழமை நான் பின்படிக்கட்டில் துணி பிழிந்துகொண்டிருந்தேன். வண்டி வாய்க்கால் கரைப் பக்கம் போய்த் திரும்புகிற இடத்தில் ஒரு குதி குதித்து அப்படியே நின்றது. திணறவில்லை, தணியவில்லை, வெட்டினாற்போல நின்றது. அது கிளட்சைச் சட்டென்று விட்டால் நிற்கிற விதம், இந்த வித்தியாசம் இப்போது எனக்குத் தூக்கத்தில்கூடத் தெரியும். முன்சக்கரம் கரையின் விளிம்பில் இருந்தது. அந்தக் கரை எவ்வளவு செங்குத்து என்று உனக்குச் சொல்ல வேண்டியதில்லை. அவர் கொஞ்ச நேரம் இறங்காமல் உட்கார்ந்திருந்தார். பிறகு இறங்கி, மூடியைத் திறந்து, குச்சியை விட்டு எடுத்து, வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்த்தார். பார்த்துவிட்டு வீட்டுப் பக்கம் திரும்பினார், யாராவது கவனிக்கிறார்களா என்று. நான் வாளிக்குள் குனிந்துகொண்டேன்.

வெள்ளிக்கிழமையும் அதே இடம், அதே குதி, அதே குச்சி. ராத்திரி சாப்பாட்டின்போது பேச்சோடு பேச்சாக, கரையோரம் மட்டும் சித்தப்பா ஓட்டட்டுமே என்றேன். ஏன், அதான் நீயே கண்டுபிடிச்சிட்டியே, மூடிதான்னு என்றார். நான் கண்டுபிடித்ததையே எனக்கு எதிராக அவர் கையில் கொடுத்துவிட்டேன். டாக்டரைக் கேட்டேன், கால் உணர்ச்சி வரலாம், வராமலும் போகலாம், ஆளைப் பொறுத்தது என்கிறார், இதைச் சொல்ல எதற்குப் படித்தார் என்று தெரியவில்லை. சித்தப்பாவிடம் சொன்னால் விளையாட்டாகவாவது உளறிவிடுவார். இவரிடமே நேராகச் சொல்லலாம், வார்த்தைகள்கூடத் தயாராக இருக்கின்றன, ஆனால் வாசலில் உட்கார்ந்திருந்த அந்த இரண்டு நாள் முகம் கண்முன் வந்ததும் வாய் அடைத்துக்கொள்கிறது. இப்போது நான் செய்வதெல்லாம், அவர் வண்டியை எடுத்தால் நானும் போய் கரையோரம் நிற்கிறேன். எதுக்கு இங்க நிக்கிற என்றார். துளை மறுபடி அடைத்துக்கொண்டதா என்று பார்க்க என்றேன், கையில் ஊக்கைக் காட்டினேன். தலையை ஆட்டினார். நம்பினாரா என்று தெரியாது. ஊக்கை வைத்துக்கொண்டு நான் எந்த வண்டியைத் தடுத்து நிறுத்தப்போகிறேன்.

உன்னை வேலையை விட்டுவிட்டு ஓடி வா என்று சொல்லவில்லை, சொல்லவும் மாட்டேன். நன்றாக இரு, எடுத்த காரியமெல்லாம் கைகூடட்டும், காலையில் வெறும் வயிற்றோடு வேலைக்குப் போகாதே, யாரோடும் மனக்கசப்பு வைத்துக்கொள்ளாதே. ஒன்றே ஒன்று மறக்காதே. அடுத்த தடவை பேசும்போது கால் எப்படி இருக்கிறது என்று கேட்காதே, வண்டி எப்படி இருக்கிறது என்று கேள். மூடிக் கதையை மறுபடி ஆரம்பத்திலிருந்து சொல்வார், முன்பே கேட்டதாகக் காட்டிக்கொள்ளாதே. முடித்ததும் எப்போது வருகிறாய் என்று கேட்பார், எப்போதும் சொல்கிற மாதிரி பார்க்கலாம் என்று சொல்லாமல் இந்தத் தடவை ஒரு தேதி சொல். நீ வந்தால் உன்னைப் பக்கத்தில் உட்கார வைத்து ஓட்டக் கற்றுக்கொடுக்கிறேன் என்பார். கற்றுக்கொள். அதன் பிறகு வண்டியை யார் ஓட்டுவது என்று யாரும் யாரிடமும் சொல்ல வேண்டியிருக்காது.

இன்னும் எழுதலாம், ஆனால் வண்டி கிளம்புகிற சத்தம் கேட்கிறது. கரைக்குப் போக வேண்டும்.

உன் நினைவாகவே இருக்கும்
அம்மா