அப்பா மாதிரிப் பல்

ஜூஜுவாடி
8.6.2025

அன்புள்ள மாமாவுக்கு,

பல் டாக்டர் என்று சொன்னதற்கே கோபித்துக்கொண்டு ஞாயிற்றுக்கிழமை வருவதை நிறுத்திவிட்டீர்கள். எல்லப்பன் அண்ணன் வண்டியில் நம் தோட்டத்துத் தக்காளி மட்டும் தவறாமல் வருகிறது. போனில் பேசினால் சண்டையில் முடிகிறது, அதனால் எழுதுகிறேன்.

நம் ரஞ்சிதாவை நேற்று ஓசூரில் டாக்டரிடம் காட்டினேன். மேல்பல்லுக்கு முன்னால் கீழ்ப்பல் கடிக்கிறது. பால் பல்தானே, விழுந்துவிடும் என்று விட்டால் தாடை அப்படியே வளர்ந்துவிடலாமாம். இந்த நாலு வயதிலேயே என்றால் கழற்றி மாட்டுகிற சின்ன பிளேட்டே போதுமாம். நீங்கள் சரி என்றால் ஆரம்பிக்கலாம்.

உங்கள்
சுகுணா

ராயக்கோட்டை
12.6.2025

சுகுணாவுக்கு,

அது என் பல். என் அப்பாவுக்கும் அதேதான். உன்னைப் பெண் பார்க்க வந்த அன்று, "மாப்ளைக்குத் தாடை முன்னாடி நிக்குதே" என்று உன் சித்தி சொன்னது என் காதில் விழுந்தது. இப்போது மகள் முகத்திலிருந்தும் என்னை அழிக்க வேண்டுமா? உன் இஷ்டம்போல் செய். என்னைக் கேட்காதே.

தக்காளிப் பெட்டியில் பீர்க்கங்காய் வைத்திருக்கிறேன். முற்றுவதற்குள் சமைத்துவிடு.

குருமூர்த்தி

ஜூஜுவாடி
29.6.2025

அன்புள்ள மாமாவுக்கு,

சித்தி சொன்னது காதில் விழுந்ததே, நான் சொன்ன பதில் விழவில்லையா? "அந்தத் தாடையப் பாத்துதான் சித்தி சரின்னேன்" என்றேன். சந்தையில் கீழ்ப்பல் தெரிய நீங்கள் நின்று விலை சொன்னால் வியாபாரி மறுபேச்சுப் பேசமாட்டான். அதைப் பார்க்கவே நான் கூட வருவேன்.

பிளேட் வந்துவிட்டது. "அப்பா மாதிரிப் பல்லே இருக்கட்டும்" என்று வாயை இறுக்கிக்கொள்கிறாள் உங்கள் மகள். டாக்டர் பலூன் ஊதிக் காட்டியும் திறக்கவில்லை. முறுக்கைக் கடிக்க முடியாமல் ஊறவைத்துத் தின்கிறாள். பார்க்கப் பொறுக்கவில்லை. பிளேட் செய்ய டாக்டர் எடுத்த அவள் பல் அச்சை அனுப்புகிறேன், நீங்களே பாருங்கள். நீங்கள் சொன்னால்தான் போடுவாள்.

உங்கள்
சுகுணா

ராயக்கோட்டை
3.7.2025

அன்புள்ள சுகுணாவுக்கு,

காலிப் பெட்டியோடு அச்சு வந்து சேர்ந்தது. உள்ளங்கையில் வைத்துப் பார்த்தேன். என் வாயேதான், இத்தனூண்டு. அழகாக இருக்கிறது என்று முதல்முறையாகத் தோன்றியது.

முன்பல் நுனி தேய்ந்திருப்பதையும் பார்த்தேன். எனக்கும் அப்படித்தான். கொய்யாவை நான் கத்தியால் நறுக்கித் தின்பது நாகரிகத்துக்காக என்று நீ கேலி செய்வாய். கடிக்க வராது சுகுணா. யாரிடமும் சொன்னதில்லை.

ஞாயிறு காலை எல்லப்பன் வண்டியிலேயே வருகிறேன். கொய்யா கொண்டுவருகிறேன். அப்பாவுக்கு வராததை மகளிடம் காட்டிவிட்டு, பிளேட்டை நானே மாட்டிவிடுகிறேன். இத்தனை பேரிடம் எனக்காக வாயைத் திறக்காமல் நின்றாளே, கெட்டிக்காரி. உன்னைப்போல.

அச்சைத் திருப்பிக் கேட்காதே. சாமி படத்துக்குப் பக்கத்தில் வைத்துவிட்டேன்.

உன்
குருமூர்த்தி