கொடுக்கில்லாத குளவி

ஜூலை 9

இன்றும் மகன் பொய் சொன்னான். பொண்ணு என்ன படிக்குது என்று கல்யாணத் தரகர் கேட்டதற்கு, "தேன் சம்பந்தமா" என்றான். தேனாம்! குளவி, தேனீ, எறும்பு இவற்றின் விந்தணு எப்படி இருக்கிறது, ஒன்றுக்கொன்று எப்படி மாறுகிறது என்பதுதான் என் பேத்தியின் படிப்பு. விந்து. எழுதிவிட்டேன். கை ஒன்றும் அழுகிவிடவில்லை.

ஜூலை 14

அவளையே கேட்டேன். "எல்லாப் பூச்சிக்கும் ஒரே மாதிரிதானேடி இருக்கும்?"

"இல்ல பாட்டி. தலை, வால் எல்லாத்துக்கும் உண்டு. ஆனா சில குளவிக்கு அது திருகாணி மாதிரி முறுக்கிக்கிட்டு இருக்கும். சில எறும்புல தலையோட தலை ஒட்டிக் கட்டுக் கட்டா நீந்தும். வாலுக்குள்ள தெம்பு குடுக்க ரெண்டு கம்பி மாதிரி ஓடும். தேனீயில ஒண்ணு தடி, ஒண்ணு மெலிசு."

"நம்ம பால்கனிக் குளவிக்கு?"

"யாரும் பாத்ததில்ல. அதான் என் கடைசி அத்தியாயம். கூடு முத்தினாத்தான் ஆண் குளவி வரும். இந்த வருஷத்துக்குள்ள ஆய்வேட்டைக் குடுத்தாகணும், கும்பிட்டுக்கோ."

கொட்டிக் கொட்டித்தான் குளவி புழுவைத் தன்னைப் போல் ஆக்கும் என்பார்களே, அதையும் கேட்டேன். சிரித்தாள். அந்தப் புழு குளவிக் குஞ்சுக்குச் சாப்பாடாம். குளவி முட்டையிலிருந்துதான் குளவியாம்.

அப்படியென்றால் அதுவும் பொய்! அதைச் சொல்லிச் சொல்லித்தானே என் நாத்தனார் என்னைக் கொட்டினாள். "கொட்டக் கொட்டத்தான் புழு குளவியாகும்." அவளுக்கு நான் வைத்த பெயர் கொடுக்கு. கல்யாணமாகி வெகுநாள் என் வயிறு திறக்கவில்லை. அவள் குழந்தையைத் தூக்கினேன். "வை கீழே" என்றாள். அன்று குழந்தை போட்டிருந்தது மஞ்சள் சட்டை. மறந்துவிடுவேனா? இரண்டு தெரு தள்ளித்தான் இருக்கிறாள். அவள் தம்பி, என் வீட்டுக்காரர், போன பிறகு அந்த வாசலை மிதிக்கவில்லை.

ஆகஸ்ட் 2

பாவி. படுபாவி. பெத்த மகன்னு பாக்காம அறைஞ்சிருக்கணும். நாளைக்கு மாப்பிள்ளை வீட்டார் வருகிறார்களென்று பால்கனிக் கூட்டுக்கு மருந்து அடித்துவிட்டான். பேத்தி வந்து ஒவ்வொன்றாகப் புரட்டிப் பார்த்தாள். எல்லாம் பெண். ஆண் இன்னும் வரவே இல்லை.

"பூச்சிதானேம்மா. கடையில கிடைக்காதா?" என்கிறான்.

கடையிலயாடா கிடைக்கும்? எந்தக் கடையில?

அவள் அழவில்லை. அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

ஆகஸ்ட் 3

மாப்பிள்ளையின் அம்மா, "தேன் பத்திப் படிக்குதாமே" என்று இனிக்க இனிக்கக் கேட்டார்.

"தேன் இல்லீங்க, விந்து" என்றேன். "குளவியோடது."

டீ ஆறுவதற்குள் போய்விட்டார்கள். மகன் என்னோடு பேச்சை நிறுத்திவிட்டான். நிறுத்தட்டும். பேசாமல் இருப்பதில் நான் இவனுக்கு அப்பன்.

ஆகஸ்ட் 6

குழாய் பழுது பார்க்க வந்தவர் சொல்கிறார், இதே குளவி நாத்தனார் வீட்டு மாடிப்படிக்குக் கீழே பூசணிக்காய்ப் பருமனுக்குக் கூடு கட்டியிருக்கிறதாம். அவளிடம் போய்ச் சேர்ந்திருக்கிறது பார். இனம் இனத்தோடு.

ஆகஸ்ட் 7

போகமாட்டேன். செத்தாலும் போகமாட்டேன்.

ஆகஸ்ட் 9

போனேன். பேத்தி டப்பாவோடு பின்னால் வந்தாள்.

"யாரு?"

"நான்தான்."

"எந்த நான்?" கண் மங்கிவிட்டது. வாய் மங்கவில்லை.

"உங்க தம்பி பொண்டாட்டி."

"இன்னும் இருக்கியா நீ?"

"நீங்க போகாம நான் எப்படி அண்ணி முந்துறது?"

உள்ளே வா என்று சொல்லவில்லை. கதவை அகலத் திறந்தாள். கூட்டை ஏன் விட்டுவைத்தீர்கள் என்றால், "இந்த வீட்ல சத்தம் போட வேற யாரு இருக்கா?" என்கிறாள்.

பேத்தி படிக்குக் கீழே ஊர்ந்து போய், வெறுங்கையால் ஒன்றைப் பிடித்தாள். நாத்தனார் வீலென்று கத்தினாள். "பயப்படாதீங்க அத்தைப் பாட்டி, இது ஆண். இதுக்குக் கொடுக்கு கிடையாது. மீசை நுனி சுருண்டிருக்கு பாருங்க."

"எதுக்குடி ஆம்பளப் பூச்சி?"

பேத்தி ஒளிக்காமல் சொன்னாள். நாத்தனாரின் வாய், முதல் தடவையாக, திறந்தபடி நின்றது. பிறகு பேத்தியைப் பார்க்காமல் என் பக்கம் திரும்பினாள்.

"உன்ன எத்தன டாக்டர்கிட்ட இழுத்துட்டுப் போனேன். என் தம்பிய ஒருத்தர்கிட்டயும் காட்டலையே."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. இப்பவா? இத்தனை வருஷம் கழித்தா? இதை அன்றைக்குச் சொல்லியிருந்தால் என்ன, நாக்கு வெந்திருக்குமா? இதையெல்லாம் கேட்கத்தான் வாயைத் திறந்தேன். "செவ்வாய்க்கிழமை மறுபடி வரணுமாம்" என்று வந்தது.

மன்னிக்கவில்லை. எழுதி வைக்கிறேன், மன்னிக்கவில்லை.

அக்டோபர் 21

பேத்தி படம் காட்டினாள். விந்தணுவின் வாலைக் குறுக்கே வெட்டி எடுத்ததாம். உள்ளே இரண்டு வட்டம், அந்தக் கம்பிகள்தான், ஏறக்குறைய ஒரே பருமன். தேனீயைப் போல இல்லை. கடைசி அத்தியாயம் முடிந்தது. மகன் எட்டி நின்று பார்த்தான். பக்கத்தில் வாடா என்று கூப்பிடவில்லை. அவனாகவே வந்தான்.

நவம்பர் 4, செவ்வாய்

நாத்தனாருக்குப் படத்தைக் கண்ணுக்கு ஒட்டிப் பிடித்துக் காட்டினேன். "என் கண்ணுக்குச் சட்டைப் பொத்தானாட்டம் இருக்கு" என்றாள். அந்த மஞ்சள் சட்டைக்கு வெள்ளைப் பொத்தான் என்றேன்.

கூடு காலி. எல்லாம் பறந்துவிட்டன, இனிமேல் அங்கே வேலை இல்லை என்கிறாள் பேத்தி.

அடுத்த செவ்வாய்க்கு வேறு காரணம் யோசிக்க வேண்டும்.