எலி எப்போது மயங்கியது?

மார்ச் 4, டூசான்

இன்றும் அதே கதை. மருந்து ஊசி போட்ட எலிகள் மயக்க வாயுவில் மயங்க ஒரு நிமிடம் கூடுதலாகிறது. ஒப்பிட்டுப் பார்க்க, மருந்து கலக்காத வெறும் எண்ணெய் போட்டவை சட்டென்று சாய்கின்றன. உணர்வு என்பது மூளைச் செல்லின் நுண்குழாய்களில் நடக்கும் குவாண்டம் வேலை, மருந்து அந்தக் குழாயை இறுக்கினால் மயக்கம் தாமதமாகும் என்பது பேராசிரியர் ஹேட்லியின் கட்சி. இருபது வருடமாக ஊர் சிரித்த கட்சி. அது உண்மையாக வேண்டுமென்று எனக்கும் ஆசைதான். ஆனால் எலிகள் இவ்வளவு ஒழுங்காக நடந்துகொள்ளுமா?

மார்ச் 6

எந்த எலிக்கு எது என்பது ஊசி போடும் எஃப்ரைனுக்கு மட்டும் தெரியும். எனக்குத் தெரியக் கூடாது. எலியை மல்லாத்தி, அது புரண்டு எழ முடியாமல் போகும் நொடியில் கடிகாரத்தை அழுத்துவது என் வேலை. மயக்க வாயுவின் திருகும் அவன் பக்கம்தான். அவனையே முறைத்துக்கொண்டிருந்தேன்.

"என்ன நோரீன், இப்படிப் பாக்குற? நீ பாத்தா நான் துகளாயிடுவேன். கொஞ்ச நேரம் அலையா இருக்க விடும்மா."

அவனுடைய குவாண்டம் நகைச்சுவைக்கு எனக்குச் சிரிப்பு வரவில்லை. மடியில் கனம் இருப்பவன்தான் இப்படி மழுப்புவான்.

மார்ச் 11

திருகைத் தொடுகிறான். ஏன் தொடுகிறான்? மருந்து எலிகளுக்கு மட்டும் வாயுவைக் குறைக்கிறானா?

மார்ச் 13

பேராசிரியரிடம் சொல்லிவிட்டேன். "அடுத்த மாசம் கருத்தரங்கு. இப்பப் போய் இதச் சொல்றியே!" என்றார். மதியமே எஃப்ரைனை விலக்கிவைத்துவிட்டார்.

போகும்போது அவன் கேட்டது ஒன்றுதான். "ஆறு வருஷம் கூட வேல பாத்தியே, என்கிட்ட ஒரு வார்த்த கேட்டிருக்கலாம்ல?"

மார்ச் 17

ஆதாரம் தேடி, சோதனைகளின் பழைய ஒளிப்பதிவுகளைப் போட்டேன். வாயு அளவு கடைசிவரை மாறவே இல்லை. அவன் திருகைத் தொட்டது ஈரத்தைத் துடைக்க.

ஆனால் அவன் எலிகளைக் கொண்டுவரும் விதம்! சிலவற்றை மட்டும் இரண்டு கையாலும் ஏந்தி வருகிறான். மற்றவை ஒற்றைக் கையில். எந்த எலிக்கு எது என்ற அவன் பட்டியலோடு ஒப்பிட்டேன். ஏந்தி வந்ததெல்லாம் மருந்து எலிகள் — அந்த ஊசி வலிக்கும் என்று பாவப்பட்டிருக்கிறான்.

அந்த எலிகள் அசையாமல் கிடந்த பிறகும் என் விரல் காத்திருக்கிறது. மீசை துடித்ததையெல்லாம் எழ முயல்வதாக எண்ணியிருக்கிறேன்.

ஐயோ, நானா? எது மருந்து எலின்னு சத்தியமா எனக்குத் தெரியாது. இல்ல — தெரிஞ்சுதான் இருந்துச்சா?

மார்ச் 20

பதிவுகளில் எஃப்ரைனின் கை வரும் இடத்தை வெட்டிவிட்டு, பக்கத்துத் துறைப் பெண்ணிடம் கொடுத்து அளக்கச் சொன்னேன். இரண்டு கூட்டத்துக்கும் வித்தியாசம் மூன்று நொடி. அதாவது, ஒன்றுமில்லை.

மார்ச் 21

புது அளவுகளை ஹேட்லி படித்துப் பார்த்தார். பிறகு, "எஃப்ரைனத் திரும்பக் கூப்பிடு" என்றார்.

கூப்பிட்டேன். நடந்ததை ஒளிக்காமல் சொல்லி மன்னிப்புக் கேட்டேன். வருகிறேன் என்றான், ஒரு நிபந்தனையோடு.

"ஊசிய நான் போடுறேன். கடிகாரம் உன் கையில வேண்டாம்."

சரி என்றேன்.