செரம்பானுக்குப் போன வேன்

எந்தச் சபையும் அனுப்பாமல் தானாகவே ஊழியத்துக்குக் கிளம்பிய என் தங்கைக்கு,

உன் கழுத்துக் கட்டியைச் செரம்பான் ஆஸ்பத்திரியில் காட்டத்தான் காய்கறி வேனைக் கழுவி மூன்று முறை அனுப்பினேன். மூன்று முறையும் ரந்தாவ் தோட்டத்து நோயாளிகளை ஏற்றிவிட்டு நீ கீழேயே நின்றுவிட்டாய்.

"அக்கா டாட்டா காட்டுறாங்க லா, முதலாளி. ஏற மாட்டேங்கிறாங்க" என்று டிரைவர் சிரிக்கிறான்.

இருபது வருடம் ஊரார் புண்ணைக் கழுவினாய். இதற்குப் பெயர் தியாகமா? தன் உடம்பைப் பார்க்கத் துப்பில்லாதவளை நான் முட்டாள் என்றுதான் சொல்வேன். உன் கட்டியைப் பற்றி நான் போய்க் கேட்டதற்கு, இனித் தாமதித்தால் கஷ்டம் என்று அந்த ஆஸ்பத்திரி டாக்டர் என்னிடமே சொல்லிவிட்டார்.

வியாழக்கிழமை வேன் வராது. அந்தக் காலத்தில் கீரை விற்ற பழைய மோட்டார் சைக்கிளில் நானே வருகிறேன். பின்னால் ஒருவருக்குத்தான் இடம்.

உன் அண்ணன்