கொப்புளத்துக்குப் பக்கத்துத் தோல்

மார்ச் 4

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

வாயை மூடிக்கொண்டு இருந்தது போதும். எட்டு மாதம் ஆயிற்று.

என் மகளுக்கு வாயைச் சுற்றியும் தொடையிலும் வட்டம் வட்டமாகக் கொப்புளம் கிளம்பியபோது, குழந்தை டாக்டர் குடும்பத்திலேயே இருக்கிறாரே என்று உன்னிடம் தூக்கி வந்தேன். வராந்தாவில் ஓரமாகக் கூட்டிப்போய், "உண்மையைச் சொல்லுங்க அத்தான், சிகரெட்டா?" என்றாய். கேஸ் ஷீட்டில் "சூட்டுக் காயமாக இருக்கலாம்" என்று எழுதினாய். கீழே கையெழுத்து இல்லை. அதைப் பார்த்த உன் அக்கா அன்றே என்னை விட்டுப் பிள்ளையோடு உன் வீட்டுக்கு வந்துவிட்டாள்.

அங்கேயும் கொப்புளம் வந்ததே, அங்கே சூடு வைத்தது யார்?

உன் அக்கா பிள்ளையைக் காட்டிவரும் வேறு ஆஸ்பத்திரியின் தோல் டாக்டரம்மா போன வாரம் என்னையும் வரச் சொன்னார். ஒரு மாதத்துக்கு முன்பே, கொப்புளத்தை விட்டுவிட்டு, பக்கத்துத் தோலில் துளி எடுத்துச் சோதித்தாராம். உடம்பே தன் தோலைத் தாக்கும் நோய். அவர் கொடுத்த மாத்திரையில் மூன்றே வாரத்தில் எல்லாம் காய்ந்துவிட்டது.

உன் அக்கா என்ன சொன்னாள் தெரியுமா? "இது நோய்தான். ஆனா முதல்ல வந்தது சூடுதான். என் தம்பி தப்பா சொல்ல மாட்டான்." பிள்ளை அவள் முதுகுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டு, "அப்பா சூடு வைப்பாரு" என்றது. நான்கு வயது. எத்தனை தடவை கேட்டுக் கேட்டு அதை ஆமாம் போட வைத்தீர்கள்?

முதலில் வந்ததும் நோய்தான் என்று அவளிடம் ஒரு வார்த்தை சொல்.

உன் அத்தான்

மார்ச் 15

அன்புள்ள அத்தானுக்கு,

நலமா என்று கேட்கக் கூச்சமாக இருக்கிறது.

அன்று எழுதிய கையோடு எனக்கே சந்தேகம் வந்து, நானும் பக்கத்துத் தோல் எடுத்தேன். அவசரத்தில், வழக்கமான துண்டுகளைப் போல அதையும் பதப்படுத்தும் ஃபார்மலின் திரவத்தில் போட்டுவிட்டேன். அதில் ஊறிவிட்டால் இந்தச் சோதனை நடக்காது. லேபில் திருப்பி அனுப்பினார்கள். மறுபடி பிள்ளையை வெட்டினால் அக்கா ஏனென்று கேட்பாள். எழுதியதை அப்படியே விட்டுவிட்டேன்.

தெரிந்தால் அவள் என் முகத்தில் விழிக்க மாட்டாள். இது நமக்குள் இருக்கட்டும் அத்தான். அவள் மனம் தானாக மாறும். கொஞ்சம் பொறுங்கள்.

பிள்ளை மிட்டாய் என்று ஏமாற்றினால்தான் மாத்திரையை விழுங்குகிறாள்.

அன்புடன்,
மாப்பிள்ளை

மார்ச் 18

டாக்டர் அவர்களுக்கு,

எட்டு மாதம் பொறுத்தவனிடமே பொறுக்கச் சொல்கிறீர்கள். உங்களுக்கு அக்கா முகம் வேண்டும். எனக்கு மகள் முகம் வேண்டாமா?

உங்கள் கடிதத்தை உங்கள் அக்காவுக்கு அனுப்பிவிட்டேன். வீட்டுக்கு அனுப்பினால் உங்கள் கையில் சிக்கும் என்பதால், அவள் வேலை பார்க்கும் பள்ளிக்கூட விலாசத்துக்கு. என் பங்குக்கு ஒரு வரிகூடச் சேர்க்கவில்லை. உங்கள் கையெழுத்து அவளுக்குத் தெரியும்.

அவள் திரும்பி வருவாளோ, தெரியாது. வந்தாலும் பிள்ளை என்னைக் கண்டால் ஒளியும். அதற்கு எந்த டாக்டரம்மாவும் மாத்திரை எழுதப்போவதில்லை.

கையெழுத்தில்லாத ஒரு வரியால் என் வீட்டைக் காலி செய்தீர்கள். இதன் அடியில் அத்தான் என்று எழுத எனக்கும் கை வரவில்லை. கையெழுத்துப் போடாமலே தபாலில் சேர்க்கிறேன்.